தெரிந்து வினையாடலும் இக்காலத் தேர்வு முறையும்

பணிக்கு உரியவரைத் தேர்ந்து அமர்த்தும் முறையைத் திருக்குறட் பொருட்பாலில் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்கள் கூறுகின்றன. ஐம்பத்தொன்றாவதாகிய ‘தெரிந்து தெளிதல்’ ஆளைத் தேர்வது பற்றியது. அடுத்ததாகிய ‘தெரிந்து வினையாடல்’ தேர்ந்தவனை வினையில் ஆளும் முறை பற்றியது. தேர்வு முடிந்தபின் மற்றோர் அதிகாரம் எதற்கு? 514ஆம் குறள் இதற்கு விடை தருகிறது. எத்துணைச் சோதித்துத் தெளிந்தாலும், வினையில் இறங்கியபின் வேறுபட்டுப் போவோர் பலர் என்பது அதன் கருத்து.

அவர்கள் ஏன் வேறுபடுகின்றனர்? பரிமேலழகர் மனத்திரிபையே காரணமாகக் கண்டு, அரசின்பத்தை விரும்பிய கட்டியங்காரனை எடுத்துக்காட்டினார். 501ஆம் குறளில் அவர் விரித்த அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நால்வகைச் சோதனையும் மனம் திரியுமா என்று காண்பதற்கே. உரை சிறந்தது, ஆயினும் முழுமையானதன்று. நெஞ்சில் வஞ்சமும் அறிவில் குறைவும் இல்லாத ஒருவனும் வினையில் தடுமாறுவதுண்டு. அவனுக்கு அவ்வுரையில் இடமில்லை.

அவனை அறிய இக்கால உளநூல் துணைசெய்கிறது. எது முன், எது பின் என வகுத்தல், எடுத்ததை மறவாதிருத்தல், இடையில் வரும் கவர்ச்சியை அடக்குதல், நிலைமை மாறின் வழியை மாற்றுதல் ஆகியவற்றை ஒருசேரச் ‘செயலாட்சித் திறன்’ எனலாம். 1991இல் ஷாலிஸ், பர்ஜெஸ் என்னும் ஆங்கில நாட்டு ஆய்வாளர் இருவர், மூளையின் முன்பகுதி ஊறுபட்ட மூவரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அறிவுச் சோதனைகளில் மூவரும் நன்கு தேறினர். கடைத்தெருவில் சில பொருள்களை வாங்கவும், சில செய்திகளைக் கேட்டறியவும், குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் நிற்கவும் பணித்தபோதோ தடுமாறினர். அவர்கள் வேலை நாடி வந்தோர் அல்லர், ஊறுபட்டோர். எனினும், அறையில் காணும் திறன் வேறு, வினையில் காணும் திறன் வேறு என்பதற்கு அவ்வாய்வு தக்க சான்று.

ஆகவே, புதிர்த்தாளும் நேர்முக உரையாடலும் மட்டும் கொண்டு ஒருவனை அளப்பது போதாது. 1957இல் அமெரிக்காவில் பிரடெரிக்சன் முதலியோர் வெளியிட்ட ‘கடிதக் கூடை’ச் சோதனை இதனினும் நேரிய வழி. அலுவலர் மேசையில் குவியும் கடிதங்களைப் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றை ஒருவர் எவ்வாறு கையாளுகிறார் என்று காண்பது அம்முறை. 517ஆம் குறளும் வினை, கருவி, ஆள் என்னும் மூன்றையும் ஒருங்கே ஆராயச் சொல்கிறது. ஆளை மட்டும் தனியே நிறுத்தி எடைபோடச் சொல்லவில்லை.

இது சொற்பொருள் வழக்கு மட்டுமன்று. தடுமாறியவனை வஞ்சகன் என்றோ சோம்பன் என்றோ முத்திரையிட்டால் அவன் பிழைப்பே போகும். வினையையோ கருவியையோ மாற்றிக் கொடுத்தால் அவனே நன்கு செய்து முடித்தல் கூடும். மாணவனுக்கு நற்சான்று எழுதும் ஆசிரியரும் அவன் பெற்ற மதிப்பெண்ணோடு, ஒப்படைத்த பணியை அவன் எவ்வாறு நடத்தினான் என்பதையும் எழுதுதல் நன்று. வள்ளுவர் இரண்டாம் அதிகாரம் வகுத்த பயன் அப்போதுதான் கைகூடும்.