ஓசூர் கெனில்வொர்த் மாளிகையும் வாயிற்கட்டடப் பாதுகாப்பும்

ஓசூரில் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் எழுந்த கோட்டை வடிவ மாளிகை கெனில்வொர்த். பிரெட் கோட்டை என்றும் பெயர் உண்டு. சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த பிரெட், இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் உள்ள கெனில்வொர்த் கோட்டையைப் பின்பற்றி இதை அமைத்தார். இன்று பார்ப்பதற்கு எஞ்சியது மிகக் குறைவு.

எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

இம்மாளிகை பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றன: பிரெட் தன் காதலிக்காகக் கட்டினார் என்பது அது. கதை சுவையானதுதான். ஆனால் சுவரின் கனம் என்ன, நுழைவாயில் எப்பக்கம் இருந்தது, எந்தக் கல்லும் காரையும் பயன்பட்டன என்ற கேள்விகளுக்கு அக்கதையில் விடை இல்லை. கட்டடம் மறைந்தபின் அளவுகளைத் திரும்பப் பெற முடியாது.

மூலக் கோட்டை தரும் பாடம்

இங்கிலாந்துக் கோட்டையின் வாயிற்கட்டடத்தை 1570களின் தொடக்கத்தில் லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி கட்டினார். 1575இல் அரசி முதலாம் எலிசபெத் இக்கோட்டையில் 19 நாட்கள் தங்கினார். உள்நாட்டுப் போருக்குப் பின் கோட்டையின் பெரும்பகுதி வேண்டுமென்றே சிதைக்கப்பட்டது. வாயிற்கட்டடம் தப்பியது. காரணம் எளிது: கர்னல் ஹாக்ஸ்வொர்த் அதன் வளைவு வழியை அடைத்து, அறைகளாக்கிக் குடியேறினார். நூற்றாண்டுகள் அதில் மக்கள் வாழ்ந்தனர். இன்று அது அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது.

சென்னை ராயப்பேட்டையின் அமீர் மகாலும் இதற்குச் சான்று. 1876 முதல் ஆற்காடு இளவரசர் குடும்பம் அங்கு வாழ்வதால், இரட்டைக் கோபுரங்களும் முரசு மண்டபமும் கொண்ட அதன் நுழைவாயில் இன்றும் நிற்கிறது. புழங்கும் கட்டடம் பிழைக்கும். பூட்டிய கட்டடத்தில் முதலில் கூரையும், பிறகு சுவரும் போகும்.

சட்டமும் ஊரும்

2010ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பு சென்னையில் 467 பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டுப் பாதுகாக்க வழிசெய்தது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறினாலும், நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஜூஜுவாடி முதல் ஓசூர் வரை தொழிற்சாலைகளும் மனைப்பிரிவுகளும் பெருகிய காலத்தில், பழைய கட்டடத்தின் மதிப்பு அது நிற்கும் மண்ணின் விலையாகச் சுருங்கியது. உரிமையாளரை மட்டும் குறைசொல்வது நியாயமன்று. பராமரிப்புக்கு உதவி தராமல் காப்பாற்று என்று சொல்வதால் பயனில்லை.

மாணவர் செய்யக்கூடியது

ஓசூர் முன்பு சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரியிலும், 2004 முதல் கிருஷ்ணகிரியிலும் இருந்துவருகிறது. எனவே பழைய ஆவணங்களைச் சேலம் பதிவுகளில் தேட வேண்டும். லெ பானுவின் சேலம் மாவட்டக் கையேடு (1883), ரிச்சர்ட்சின் விவரச்சுவடி (1918) ஆகியவை நல்ல தொடக்கம்.

1824இல் தொடங்கிய மத்திகிரி கால்நடைப் பண்ணை இன்றும் இயங்குகிறது. உரிய அனுமதியுடன் அங்குள்ள பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து, படமெடுத்து வைக்கலாம். ஓர் அளவு நாடாவும் ஒரு குறிப்பேடும் போதும். கெனில்வொர்த்துக்கு அவ்வளவுகூட யாரும் செய்து வைக்கவில்லையே என்பதுதான் இன்று நமக்குள்ள குறை.