வழக்க இறந்தகாலமும் இழந்த இன்பங்களும்: தாகூரின் இரு பிள்ளைப் பருவ நூல்கள்

தாம் சிறுவயதில் நுகர்ந்த எளிய இன்பங்கள் இனிவரும் தலைமுறையினர்க்குக் கிட்டா என்னும் ஏக்கம் இந்திய மொழிகளின் தன்வரலாற்று நூல்கள் பலவற்றிலும் காணப்படும் பொருளாகும். இத்தகைய நூல்களை மொழிபெயர்ப்போர் பெரும்பாலும் வழக்கிழந்த பொருள்களின் பெயர்களைப் பற்றியே கவலை கொள்கின்றனர். விளக்குக்கு ஓர் அடிக்குறிப்பு, வண்டிக்கு ஓர் அடிக்குறிப்பு, தின்பண்டத்துக்கு ஒன்று என நூலின் அடிப்பகுதி நிறைந்துவிடுகிறது. ஆயின் ஏக்கம் என்பது பெயர்ச்சொல்லில் தங்குவதா, வினைச்சொல்லில் தங்குவதா என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. இரவீந்திரநாத் தாகூர் தம் பிள்ளைப் பருவத்தைப் பற்றி வங்காள மொழியில் எழுதிய 'ஜீவன்ஸ்மிருதி' (1912), 'செலேபேலா' (1940) ஆகிய இரு நூல்களையும் இவ்வினாவை முன்வைத்து நோக்க இக்கட்டுரை முயல்கிறது.

இரண்டும் கல்கத்தாவின் ஜோராசாங்கோ இல்லத்தையே களமாகக் கொண்டவை. முன்னது தாகூர் தம் ஐம்பதாம் அகவையை ஒட்டி எழுதியது. சாது பாஷை எனப்படும் செந்நடையில் அமைந்தது. பின்னது மறைவுக்கு ஓராண்டு முன்னர், சாந்திநிகேதனச் சிறுவர்கள் படிப்பதற்கென்றே சலித் பாஷை எனப்படும் பேச்சுநடையில் எழுதப்பெற்றது. செய்திகள் சில இரண்டிலும் வருகின்றன என்பதை ஆசிரியரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். சுவை வேறு என்பது அவர் கருத்து. அச்சுவை வேறுபாட்டுக்கு நடை மட்டுமே காரணமன்று. கேட்போர் மாறியதும் ஒரு காரணம்.

1912ஆம் ஆண்டு நூலில் பின்தலைமுறையைப் பற்றிய குறை வெளிப்படையாகவே கூறப்படுகிறது. அக்காலத்தில் சிறுவர்களுக்குக் கிடைத்தது மிகச் சிறிது. கிடைத்ததைத் தோல் முதல் கொட்டை வரை வீணாக்காமல் சுவைத்தனர். இக்காலத்துச் செல்வ வீட்டுப் பிள்ளைகளோ எளிதில் கிடைப்பதால் பாதி கடித்துவிட்டு எறிகின்றனர் என்பது அங்குள்ள வாதம். இது பெரியவர் ஒருவர் பிற பெரியவர்களை நோக்கிக் கூறும் கூற்று. சிறுவரை நோக்கி எழுதிய நூலிலும் இக்குரல் முற்றும் மறையவில்லை. பழைய காலத்தை வாரி வழங்கும் அரசிளங்குமரனுக்கும் புதிய காலத்தைச் சரக்கைப் பரப்பிக் காட்டும் வணிகன் மகனுக்கும் ஒப்பிடும் ஓரிடம் 'செலேபேலா'விலும் உண்டு. அந்நூலின் வலுக்குறைந்த இடங்களுள் அது ஒன்று எனல் தவறாகாது. குறைகூறலை விட்டு ஆசிரியர் நினைவுகூரத் தொடங்கும் இடங்களில்தான் நூல் உயிர் பெறுகிறது.

அவ்விடங்களுள் ஒன்று தெருவில் விற்போர் குரலைப் பற்றியது. உப்பு கலந்த பனிக்கட்டி நீர் நிறைந்த பானை, அதனுள் சிறு தகரக் குழல்கள், அவற்றுள் குல்ஃபி. அந்தக் குரல் கேட்டதும் தெருப்பக்கத் தாழ்வாரத்தில் நின்ற சிறுவனின் மனம் பட்ட பாட்டை அம்மனமே அறியும் என்னும் கருத்துப்பட எழுதும் ஆசிரியர், 1940ஆம் ஆண்டுச் சிறுவர்க்கு விளங்கும்பொருட்டு, அதுதான் இப்போது ஐஸ் அல்லது ஐஸ்கிரீம் எனப்படுவது என்று பொருள் கூறிச் செல்கிறார். இங்கு மூல ஆசிரியரே மொழிபெயர்ப்பாளராகிறார். ஒரே மொழிக்குள், ஒரு தலைமுறையிலிருந்து மற்றொரு தலைமுறைக்கு நிகழும் பெயர்ப்பு இது. ரோமன் யாக்கப்சன் 1959இல் மொழிக்குள் நிகழும் மொழிபெயர்ப்பு என வகுத்துக் காட்டியதற்கு இதனினும் நல்ல சான்று தேடவேண்டியதில்லை.

ஆனால் காலம் இங்கொரு வேடிக்கை செய்துவிட்டது. குல்ஃபி என்னும் சொல்லும் அழியவில்லை, பண்டமும் அழியவில்லை. வங்காளத்தின் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுத் தெருக்களிலும் அது விற்கப்படுகிறது. அடுத்து அவர் குறிப்பிடும் பூக்காரன் குரலுக்குரிய பூவும் இன்றும் பூக்கிறது, விற்கப்படுகிறது. பொருள் இருக்கிறது, அப்படியும் படிப்பவர்க்கு இழப்புணர்வு குன்றவில்லை. ஆகவே இழக்கப்பட்டது பண்டம் அன்று. ஒவ்வொரு நாளும் அதே பொழுதில் அதே குரலுக்காகக் காத்திருந்த நிலையே இழக்கப்பட்டது. மீண்டும் மீண்டும் நிகழ்ந்தமையே அவ்வின்பத்தின் உயிர். அதனைத் தாங்குவது வினைவடிவம்.

வங்காள மொழியில் இதற்கெனத் தனி வடிவம் உண்டு. அம்மொழி இலக்கணத்தார் இதனை நித்தியவிருத்த அதீதம் என்பர். வழக்க இறந்தகாலம் எனத் தமிழில் கூறலாம். 'கொர்லோ' என்றால் 'செய்தான்'. 'கொர்தோ' என்றால் முன்பெல்லாம் வழக்கமாகச் செய்தான். தன்மையில் இது செந்நடையில் 'கரிதாம்' எனவும், தாகூர் கையாளும் கல்கத்தாப் பேச்சுநடையில் 'கொர்தும்' எனவும் வரும். குழாய் நீர் வருவதற்கு முன், தை மாசியை ஒட்டிய நாள்களில் காவடியில் குடம் சுமந்து கங்கை நீர் கொணரப்பட்டதும், குல்ஃபிக்காரன் கூவியதும் இவ்வடிவத்தில்தான் சொல்லப்படுகின்றன. மாறாக, 1873இல் தந்தை தேவேந்திரநாதருடன் இமயமலைக்குச் சென்றது ஒரு நிகழ்ச்சி. அதற்கு வேறு இறந்தகாலம் போதும். நிகழ்ச்சியை நினைவுகூரலாம், அதற்காக எவரும் ஏங்குவது அரிது.

ஜீவன்ஸ்மிருதியைச் சுரேந்திரநாத் தாகூரும், செலேபேலாவை மார்ஜரி சைக்ஸும் ஆங்கிலப்படுத்தியுள்ளனர். ஆங்கிலத்தில் வழக்கத்தைக் குறிக்கும் துணைவினைகள் உண்டெனினும், வாக்கியந்தோறும் அவற்றை இட்டால் நடை நொண்டும். ஆதலால் அம்மொழியில் இரண்டு மூன்று வாக்கியங்களுக்குப் பின் தனி இறந்தகாலத்துக்கு வந்துவிடுதல் இயல்பு. அது மொழியின் இயல்பேயன்றி மொழிபெயர்ப்பாளர் குறையன்று. தமிழில் பெயர்ப்போர் ஆங்கிலத்தின் வழியே செல்லும்போதுதான் அது குறையாகிறது. 'வந்தான், கூவினான், போனான்' என்று எழுதிவிட்டால், ஒருநாள் மாலை யாரோ ஒருவன் வந்துபோன கதையாகிவிடுகிறது.

இதில் தமிழுக்கு வறுமையில்லை என்பது வியப்புக்குரியது. 'அக்காலத்தில் மாலைதோறும் குல்ஃபிக்காரன் வருவான். வாசலில் நின்று கூவுவான்' என்பதில் வினைவடிவம் எதிர்காலம். பொருளோ கடந்தகாலத்து வழக்கம். இது புதிய வழக்கன்று. தொல்காப்பிய வினையியலில் இறந்தகாலமும் எதிர்காலமும் தம்முள் மயங்குதலைக் கூறும் நூற்பாவுக்கு உரைகாரர் தரும் எடுத்துக்காட்டே, பண்டு ஒரு பொழிலில் விளையாடியோரை எதிர்கால வினையால் சுட்டுவதாகும். காலமயக்கத்துக்குச் சான்று தேடிய உரைகாரர்க்கு விளையாட்டு நினைவுக்கு வந்தது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது அது. உரைநடையின் மதிப்புக் குறையும் என அஞ்சிச் சிலர் இவ்வடிவத்தை விலக்கி, 'வருவது வழக்கம்', 'கூவுவதுண்டு' என்று எழுதுகின்றனர். இவை பிழையல்ல, ஆனால் ஊர் நடைமுறையைப் பதிவுசெய்யும் அறிக்கையின் நடை இவற்றில் ஏறிவிடுகிறது. குழந்தையின் காத்திருப்பு அதில் இல்லை. 'வருவான்' என்பதில் அது உண்டு; நேற்றைய பொழுதே இன்னும் வரவிருப்பதுபோல் அச்சொல் நிற்கிறது.

ஒன்றைத் தமிழ் கொண்டுவர இயலாது என்பதையும் கூறவேண்டும். வங்காளத்தில் இதே வடிவம், நிகழாமற்போன நிபந்தனையையும் உணர்த்தும்: 'அவன் வந்திருந்தால்' என்னும் தொடரிலும் அது வரும். முன்பு வழக்கமாக நிகழ்ந்ததும், நிகழ்ந்திருக்கக் கூடியதும் அங்கு ஒரே வினையில் அடங்குகின்றன. தமிழில் 'வருவான்' வேறு, 'வந்திருப்பான்' வேறு. இங்கு அடிக்குறிப்பும் உதவாது.

பெயர்ச்சொற்களில் கவனம் வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. பூக்காரன் கூவும் 'பேல் ஃபூல்' நம் மல்லிகை. 'பேல்' எனும் பழம் வில்வம். ஒலியொப்புமையால் வில்வப்பூ என எழுதினால் மாலையில் மணம் வீசவேண்டிய தெரு கோயில் நந்தவனமாகிவிடும். மாம்பழச் சாற்றை அடுக்கடுக்காக ஊற்றி வெயிலில் உலர்த்தும் 'ஆம்சத்தா'வுக்குத் தமிழ்நாட்டில் யாவரும் அறிந்த ஒரே பெயர் இல்லை. யாழ்ப்பாணத்துப் பனாட்டு செய்முறையில் நெருங்கினும் அது பனம்பழத்தது. விளக்கிச் சொல்லிவிடுவதே நேர்மை. மொட்டைமாடியில் அண்ணியின் ஆம்சத்தாவுக்குக் காவலிருந்த சிறுவன் அவருக்குக் கதைநூல் படித்துக் காட்டுவான் என்பதில் பண்டத்தின் பெயர் சற்று மங்கினாலும் 'காட்டுவான்' நின்றால் போதும்.

வழக்க இறந்தகாலம் யாருடைய வழக்கத்தைக் கூறுகிறது என்பதும் கேட்கத்தக்கது. கங்கை நீரைச் சுமந்தோர்க்கு அது இன்பமன்று, கூலிவேலை. பாட்டி காலத்துப் பழம் பல்லக்கினுள் கதவடைத்து அமர்ந்து சிறுவன் கற்பனையில் ஊர் சுற்றினான். அதனை ஒருகாலத்தில் தோளில் தாங்கியோரின் பிள்ளைப் பருவத்தை எழுத எவரும் இல்லை. வேலைக்காரர் ஆட்சியில் தாம் அடங்கிக் கிடந்ததைத் தாகூர் நகைச்சுவையுடன் விரித்துரைக்கிறார். அவ்வேலைக்காரர்கள் எந்த ஊரில் யாரை விட்டுவந்தனர் என்பதில் அந்நகைச்சுவை செல்வதில்லை.

செலேபேலா வெளிவந்த 1940ஆம் ஆண்டிலேயே சாந்திநிகேதனக் கலாபவனத்தில் மாணவராகச் சேர்ந்தவர் சத்யஜித் ராய். அவர் தம் சிறுவயதைப் பற்றி எழுதிய 'ஜகன் சோட்டோ சிலாம்' 1982இல் நூலாயிற்று. மாய விளக்கும் பழைய மோட்டார் வண்டிகளும் அங்கு ஏக்கத்துக்குரியனவாகியுள்ளன. மோட்டார் வண்டியோ, தம் காலத்துக் கல்கத்தாவில் இல்லாதது எனத் தாகூர் தொடக்கத்திலேயே குறித்துச் சென்ற ஒன்று.