பேஸ் கேபினெட்: வாங்குவதா, செய்வதா?

நாலு பிளைவுட் பலகை, ஒரு ஸ்பீக்கர், கொஞ்சம் பெவிகால். இதற்கா இவ்வளவு விலை? கடையில் பேஸ் கிட்டார் கேபினெட்டின் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்தவர்கள் அநேகமாக எல்லோரும் இப்படி முணுமுணுத்திருப்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேபினெட் என்பது ஸ்பீக்கரைத் தாங்கி நிற்கும் மரப்பெட்டி என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணத்தோடு ரம்பத்தை எடுப்பவரின் பெட்டி பெரும்பாலும் குடத்துக்குள் பேசுவது போலத்தான் ஒலிக்கும்.

பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஸ்பீக்கரின் ஓர் உறுப்பு. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் எழுதிய கட்டுரையும், 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதியவையும் இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தன. கூம்பு எந்த அதிர்வெண்ணில் தானாக ஆடுகிறது, அதன் தொங்கல் எவ்வளவு விறைப்பு, காந்தம் அதை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதற்கெல்லாம் எண்கள் உண்டு. அவை கையில் இருந்தால், பலகையை வெட்டும் முன்பே பெட்டியின் அடிக்குரலைப் பெருமளவு கணித்துவிடலாம். வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருளே அதற்குப் போதும். வீட்டில் செய்வதற்கு ஆதரவான மிக வலுவான வாதம் இதுதான்: தொழிற்சாலைப் பொறியாளர் நம்பியிருக்கும் அதே கணக்கு நம் மேசைக்கும் வந்துவிட்டது. எண்கள் தெரியாத ஸ்பீக்கர், பழைய ஹோம் தியேட்டரில் கழற்றிய ஊஃபர் போன்றவை, இதே காரணத்தால் ஆட்டத்திலேயே இல்லை.

கணக்கு எளிது, ஆனால் சறுக்கலை மன்னிக்காது. வெளி அளவு 60, 50, 35 சென்டிமீட்டர் என்று ஒரு பெட்டி. 18 மில்லிமீட்டர் பலகையில் செய்தால் உள்ளே 82 லிட்டர். 12 மில்லிமீட்டரில் செய்தால் 89. பலகைக் கடைக்காரர் 'இருப்பதைக் கொடுத்தால்' ஏழு லிட்டர் போயிற்று. இதிலிருந்து ஸ்பீக்கரின் பின்புறம், உள்தாங்கிகள், தாழ்ந்த சுரங்களை வலுப்படுத்தும் காற்றுக் குழாய்கள் பிடிக்கும் இடத்தையும் கழிக்க வேண்டும். இன்னொரு உதாரணம்: 85 லிட்டர் காற்றை 45 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றும் சுமார் 20 சென்டிமீட்டர் நீளத்தில் வேண்டும். கழிக்க மறந்து, உண்மையில் 70 லிட்டர்தான் மிஞ்சியது என்றால், அதே குழாய்கள் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸில் போய் நிற்கும்.

பேஸின் தாழ்ந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்திக் கிட்டாரின் பி தந்தி 31. சுருதி சேர்த்த அதிர்வெண்ணுக்குக் கீழே குழாய் கைவிட்டுவிடும், கூம்பைத் தடுக்கப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இருக்காது, அது கட்டில்லாமல் முன்னும் பின்னும் பாயும். ஸ்பீக்கர் மேல் அச்சிட்ட 300 வாட் என்பது கம்பிச்சுருள் தாங்கும் வெப்பத்தின் அளவு. கூம்பு தாங்கும் ஓட்டம் அதைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகலாம். வாட்டை மட்டும் பார்த்து வாங்கி, கிழிந்த கூம்போடு பலர் நிற்பது இதனால்தான்.

ஆனாலும் ஆழத்தின் மேல் நமக்கிருக்கும் மோகத்தையும் சந்தேகிக்க வேண்டும். 1969-இல் ஆம்பெக் கம்பெனியின் எஸ்விடி ஆம்ப்ளிஃபயரோடு வந்த, எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட மூடிய கேபினெட் ராக் மேடைகளின் அளவுகோலாகவே ஆகிவிட்டது. அந்த வகையில் பின்னாளில் வந்த எஸ்விடி-810ஈ மாடலுக்குக் கம்பெனி கொடுக்கும் கணக்கில், 58 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபல் இறங்கிவிடுகிறது. தாழ்ந்த ஈ-யின் அடிப்படை அதிர்வு அதில் முழுதாக வருவதில்லை. 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் அதன் இரட்டையைக் கேட்டு மிச்சத்தைக் காது நிரப்பிக்கொள்கிறது. அந்த மாடலின் எடை சுமார் 63 கிலோ. சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த மின்திறனில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது ஹாஃப்மனின் விதி. அதன்படி, திறன் குறையாமல் 58-இலிருந்து 41-க்கு இறங்கப் பெட்டி ஏறக்குறைய 2.8 மடங்கு பெருக வேண்டும். 'சின்னப் பெட்டி, பூமி அதிரும் பேஸ்' என்ற விளம்பரமோ, வீட்டுப் பெருமையோ, இதைத் தாண்ட முடியாது.

காசுக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். செலவில் பெரும்பங்கு நல்ல ஸ்பீக்கருக்கே போகிறது; அதைக் கம்பெனிகள் மொத்தமாக வாங்குகின்றன, நாம் ஒற்றையாக வாங்குகிறோம். முன் சல்லடை, மூலைக்காப்பு, கைப்பிடி, இணைப்பி, மேலுறை என்று சில்லறைச் செலவு வளரும். விற்கப் போனால் பெயரில்லாத பெட்டிக்கு மதிப்பில்லை. உள்ளடுக்கில் பொத்தல் விழுந்த மலிவுப் பிளைவுட்டில் மிச்சம் பிடித்தால், அது தாழ்ந்த சுரங்களுக்குக் கரகரக்கும்.

அப்படியானால் லாபம் எங்கே? எந்தச் சமரசம் என்பதை நாமே தேர்ந்தெடுப்பதில். 15 அங்குலக் கூம்பு ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைக் குறுகிய கற்றையாக்குகிறது. எதிரே நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்பது பக்கத்தில் நிற்கும் டிரம்மருக்குக் கேட்காது. கடைகளில் கிடைக்கும் பேஸ் கேபினெட்டுகள் பெரும்பாலும் இதை ஒரு ட்வீட்டரோடு சமாளிக்கின்றன. வீட்டில் செய்பவர்களுக்காகவே வரையப்பட்ட ஃபியர்ஃபுல் கேபினெட், தாழ்ந்த சுரங்களுக்கு எமினன்ஸ் கம்பெனியின் 15 அங்குல நியோடிமியம் ஸ்பீக்கரையும், நடுச்சுரங்களுக்குத் தனியாக ஒரு 6 அங்குல ஸ்பீக்கரையும் வைத்து இதைத் தீர்த்தது. நியோடிமியம் காந்தத்தால் எடையும் குறைந்தது. இத்தகைய வடிவமைப்புகளைப் பார்க்கும்போது, கைவேலை தொழிற்சாலைக்கு ஒரு படி முன்னே போனது என்றே சொல்வேன். வடிவமைப்பாளர் பில் ஃபிட்ஸ்மாரிஸின் மடிப்புக்கொம்பு (கொம்பு போல் விரியும் காற்றுப்பாதையைப் பெட்டிக்குள் மடித்து வைப்பது) வரைபடங்களும் கெட்டிக்காரத்தனமானவை. ஆனால் உள்ளே அத்தனை சாய்ந்த பலகைகள், அத்தனை மூட்டுகள். ஒரே ஒரு காற்றுக்கசிவு போதும், உழைப்பு வீண்.

ஆகவே, காசு மிச்சம் என்பது மட்டுமே காரணம் என்றால் செய்யாதீர்கள். பழைய கேபினெட் ஒன்றை உங்கள் கிட்டாரில் வாசித்துப் பார்த்து வாங்குங்கள். கடையில் கிடைக்காத எடைக்குறைவும் தெளிவும் வேண்டும் என்றால் தயங்காமல் செய்யுங்கள். ஆனால் முதல் பெட்டிக்குச் சொந்தக் கற்பனை வேண்டாம். பலர் செய்து பார்த்த வரைபடம், அதில் குறித்த அதே ஸ்பீக்கர், அதே பலகைத் தடிமன். ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகே பலகைக் கடைக்குப் போங்கள்.