மௌனத்தின் குரலும் பௌத்தத் தியானமும்

தாம்பரத்தை அடுத்து ஓடிவரும் அடையாறு கடலொடு கலக்குமிடத்தின் தென்கரையிலே, பிரம்மஞான சபையின் தலைமை நிலையம் 1882-இல் அமைந்தது. அச்சபையைத் தோற்றுவித்தாருள் ஒருவராகிய பிளாவட்ஸ்கி அம்மையார், உருசியப் பேரரசில் 1831-இல் பிறந்தவர். 1880-இல் இலங்கைக் காலியிலே ஆல்காட்டுடன் பஞ்சசீலம் ஏற்றவர். அவர் 1889-இல் வெளியிட்ட 'மௌனத்தின் குரல்' என்னும் சிறு நூல் பௌத்தத் தியான நூலென்றே பலராலும் கொள்ளப்படுகின்றது. அங்ஙனம் கொள்ளுதல் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயப்படும்.

கீழ்நாட்டு மாணாக்கர்க்குரிய 'பொன் விதிகளின் நூல்' ஒன்றினின்று எடுத்தனவாக மூன்று பகுதிகள் அதன்கண் உள. அம்மூலம் அறிஞர் ஒப்புநோக்குமாறு வெளியிடப்பட்டிலது. ஆகவே நூலின் அகச்சான்றே கொள்ளற்பாலது.

மூன்றாம் பகுதி ஏழு வாயில்களைக் கூறும். அவை தானம், சீலம், சாந்தி, விராகம், வீரியம், தியானம், பிரஞ்ஞை என்பன. வடமொழி மகாயான நூல்களிற் பாரமிதைகள் ஆறாகவும் பத்தாகவும் எண்ணப்படும். அவ்விரு வரிசையினும் விராகம் இல்லை. அஃது யோக நூல் வழக்கை நினைவூட்டுவது. இனி, முதற்பகுதி, ஆன்மா தான் தோன்றிய பேரான்மாவிற் கலத்தலைப் பேசும். உயிரென்பது ஐந்து கந்தங்களின் தொடர்ச்சியே என்னும் புத்தர் கொள்கைக்கு இது முற்றும் மாறு, ஏகான்மவாதத்திற்கே அணித்து.

அற்றேல், அந்நூலிற் பௌத்தம் சிறிதும் இல்லையோ எனின், உண்டு. நிருவாணம் கைவந்தும் பிறவுயிர்களின் துயர் நோக்கி அதனைத் துறத்தல் என்னும் இரண்டாம் பகுதியின் கருத்து மகாயானத்தின் உயிர்நிலையே. அதனை மறுப்பது நடுவுநிலைமை ஆகாது.

உருசிய நாட்டிற்குப் பௌத்தம் புதிதன்று. கல்மிக்கரும் புரியாத்தியரும் அந்நெறியினர். 1741-இல் அஃது அரச ஒப்புதலும் பெற்றது. 1897-இல் ஓல்தன்பர்க்கு என்பார் பௌத்த மூல நூல் வரிசை ஒன்றைத் தொடங்கினார். அவ்வரிசையில் தருமகீர்த்தியின் நியாயபிந்துவை உரையுடன் பதிப்பித்தவர் செர்பாத்ஸ்கி (1866–1942). 1930-இலும் 1932-இலும் வெளிவந்த அவருடைய 'பௌத்த தருக்கம்', மணிமேகலையின் 29-ஆம் காதையிலுள்ள அளவை முறையைக் கற்பார்க்கும் பெருந்துணை. அம்மையார் நூல் மூலத்தை மறைத்து நிற்க, இவர் நூல் மூலத்தை முன்வைத்துப் பேசுகின்றது.

இவ்வேற்றுமை சைவர்க்கு இன்றியமையாதது. அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்திலே சௌத்திராந்திகன் முதலிய நால்வகைப் பௌத்தர் மதத்தையும் அவரவர் கூறுமாறே முதற்கண் நிறுவிப் பின்னரே மறுத்தார். மௌனத்தின் குரலைப் பௌத்தமெனக் கொண்டு மறுப்பார் பௌத்தரை மறுத்தவராகார். அதுகொண்டு பௌத்தமும் சித்தாந்தமும் ஒன்றென்பார் இரண்டனையும் அறிந்தவராகார்.

தியானம் என்னும் சொல் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. பௌத்தர்க்கு அது சித்தத்தை ஒருக்கி, பற்றறுக்கும் பிரஞ்ஞைக்கு வழியாவது; பதியை வேண்டாதது. சித்தாந்திக்கோ சார்ந்ததன் வண்ணமாகும் உயிர் திருவருளால் சிவத்தைச் சார்தலே தியானம். எதனைச் சார்வது என்னும் வினாவிற்கு விடை கூறாத தியானம், மனத்தை அடக்குமேயன்றி மலத்தை நீக்காது.