ஈரம் வெளியேற ஒரு வழி

மழைக்கால விளைச்சலைப் பறித்து முடித்ததும் பெங்களூர்த் தோட்டக்காரர்கள் குடைமிளகாய்ச் செடிகளையும் வெள்ளரிக் கொடிகளையும் பிடுங்கிவிட்டுப் பசுமைக்குடிலைக் குளிர்காலத்துக்குத் தயார்செய்கிறார்கள். இந்த வேலைக்கான நூல்களில் பெரும்பாலானவை பனி கொட்டும் நாடுகளில் எழுதப்பட்டவை. இடுக்குகளை அடை, கூரைக்கு இரட்டைத் தாள் போர்த்து, ஹீட்டர் வை என்று அவை சொல்லும். அதை அப்படியே இங்கே பின்பற்றுகிறவர் செடியைக் குளிரிடமிருந்து மீட்டு நோயின் கையில் கொடுத்துவிடுகிறார். இந்த ஊரில் குளிர்காலத் தயாரிப்பின் நயமெல்லாம் திறப்பதில்தான் இருக்கிறது: ஒளி உள்ளே வரவும் ஈரம் வெளியே போகவும் வழிவிடுவதில்.

பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் சராசரியாக 15, 16 டிகிரிக்கு இறங்கும். 1884 ஜனவரி 13 அன்று பதிவான 7.8 டிகிரிதான் இந்நகரின் மிகக் குறைந்த அளவு. அந்த இரவில்கூடத் தண்ணீர் உறைந்திருக்காது. ஆகவே குளிரால் செடி சாகும் ஊர் இதுவல்ல. ஆபத்து வேறு வடிவில் வருகிறது. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும்; 15 டிகிரியில் 13 கிராமைக்கூடத் தாங்காது. மாலையில் 25 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள குடிலை இறுக மூடினால், உள்ளே கன மீட்டருக்கு 14 கிராம் நீராவி சிறைப்படுகிறது. இலையும் மண்ணும் இரவெல்லாம் இன்னும் சேர்க்கின்றன. விடிவதற்குள் அது தாளின் உட்புறத்தில் துளிகளாகிச் செடிமேல் சொட்டும். பல மணி நேரம் நனைந்த இலையில்தான் பொட்ரைடிஸ் அழுகலும் அடிச்சாம்பல் நோயும் கால் ஊன்றுகின்றன.

மூடினால் வெப்பமாவது மிஞ்சுமே என்று கேட்கலாம். சாதாரணப் பாலித்தீன் தாள் மண்ணிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைப் பெரும்பாலும் தடுக்காது. மேகமும் காற்றும் இல்லாத மார்கழி இரவில் மூடிய குடிலுக்குள் வெப்பம் வெளியைவிடக் குறைந்துபோவதும் உண்டு. எனவே கைதேர்ந்தவர் தண்ணீரைக் காலையிலேயே விட்டுவிடுகிறார். வெயில் சாய்வதற்கு முன் பக்கத்திரைகளைச் சுருட்டி, பகலின் ஈரக்காற்றை வெளியே தள்ளுகிறார். பிறகு திரையை இறக்கினாலும் கூரைத் திறப்பை அடைப்பதில்லை. வெளியிலும் மூடுபனி இருந்தால் திறந்து என்ன பயன் என்பது நியாயமான கேள்வி. பதில் நேரக் கணக்கில் இருக்கிறது. 15 டிகிரியில் நிறைந்து நிற்கும் அந்தப் பனிக்காற்று, குடிலுக்குள் வெயில் பட்டு 20 டிகிரியானதும் தாங்கக்கூடியதில் நான்கில் மூன்று பங்கு ஈரத்தோடுதான் இருக்கும். மீதி இடத்தில் இலையின் நீரை ஏற்றுக்கொள்ளும். ஆகவே முதல் வெயில் கூரையைத் தொட்ட பிறகு திரையைத் தூக்குவதே திறமை.

ஒளியிலும் இதே நுட்பம். டிசம்பர் 21 அன்று லண்டனில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரிதான் ஏறுகிறது. பெங்களூரில் 53 டிகிரிக்கு மேல். இங்கே குளிர்காலத்திலும் செடி நன்றாகவே வளர முடியும், தோட்டக்காரர் குறுக்கே நிற்காமலிருந்தால். மழை பெய்து ஓய்ந்த கூரையில் பாசியும் தூசியும் படிந்திருக்கும்; கோடைக்குப் போட்ட 50 விழுக்காட்டு நிழல்வலை பாதி ஒளியை இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கும். வலையைக் கழற்றிவிட்டு, சோப்புநீரில் தோய்த்த மென்துணியால் தாளைத் துடைத்தாலே போதும். தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் தாளில் கீறல் விழும். அடுத்த ஆண்டின் பாசி அந்தக் கீறலில்தான் முதலில் குடியேறும். கூரை வளைவுகள் பல இணைந்த பெரிய குடில்களில் நீர்வழிக் கால்வாய்களைத் தெற்கு வடக்காக அமைப்பதிலும் இதே அக்கறைதான்: கால்வாயின் நிழல் ஒரே பாத்தியில் நிற்காமல் பகல் முழுக்க நகர்ந்துகொண்டிருக்கும்.

மண் வேலையில் ரசிக்க வேண்டியது அடக்கம். பழைய செடியை வேரோடு பிடுங்கி, உதிர்ந்த இலையைத் துடைப்பத்தால் கூட்டி அகற்றாவிட்டால் இலைப்பேனும் செஞ்சிலந்தியும் அடுத்த பயிருக்காகக் காத்திருக்கும். சொட்டுநீர்க் குழல்களின் முனையைத் திறந்து நீரை வேகமாக ஓடவிட்டால், போர்வெல் உப்பும் மண்ணும் கலங்கி வெளியேறும். ஆனால் பாத்தியைத் தாளால் மூடி வெயிலில் வேகவைக்கும் முறைக்கு இது பருவமில்லை. அந்த வெப்பம் ஏப்ரல், மே மாதங்களில்தான் கிடைக்கும். எதை இப்போது செய்யாமல் விடுவது என்பதும் தயாரிப்பின் பகுதிதான்.

இலையை உலர வைத்தால் எல்லா நோயும் போய்விடுமா? போகாது. ரோஜாவின் இலைமேல் வெண்மாவு தூவியதுபோல் படரும் சாம்பல் நோய்க்கு இலையில் நீர் நிற்கத் தேவையில்லை. ஈரமான இரவும் உலர்ந்த பகலும் போதும். இந்த விதிவிலக்கு என் வாதத்தை உடைக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது. காற்றோட்டம் இரவின் ஈரத்தைக் குறைத்து அந்நோயை மட்டுப்படுத்தும். மிச்சத்தை நெருக்கமான கிளைகளைக் காவாத்து செய்தும், தேவையானால் கந்தக மருந்தாலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூரில் குளிர்காலமே இல்லை, பசுமைக்குடிலே இரவல் ஆடம்பரம் என்று சொல்பவர்களும் உண்டு. லால்பாக் கண்ணாடி மாளிகை அவர்களுக்குச் சாட்சிபோல் தெரியலாம். 1889-இல் அடிக்கல் நாட்டி, லண்டன் கிரிஸ்டல் பேலஸின் சாயலில், கிளாஸ்கோவில் வார்த்த இரும்பால் எழுப்பியது அது. இரவல் வடிவம்தான், ஆனாலும் சுதந்திர தின, குடியரசு தின மலர்க்காட்சிகளால் ஊர் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பாலித்தீன் குடிலும் அப்படியே மாறியது: இங்கே அது முதலில் மழைக்கான குடை. மழை நின்ற பிறகு அதே குடையை ஒளிக்கும் காற்றுக்கும் ஏற்பத் திருத்துவதுதான் குளிர்காலத் தயாரிப்பு. அதன் பலனைப் பெங்களூரைச் சுற்றியும் ஓசூரிலும் உள்ள ரோஜாக் குடில்களில் பார்க்கலாம். காதலர் தினச் சந்தைக்கு டிசம்பரில் வெட்டிவிட்ட செடி ஏறக்குறைய 50 நாளில், பிப்ரவரி தொடக்கத்தில், காம்பு நீண்டு மொட்டு விரியாமல் நிற்க வேண்டும். அந்த நாட்களின் குளிரை விரட்ட ஹீட்டர் வைத்தால் செலவு கட்டாது. மெதுவாக வளர்வதால்தான் மொட்டும் பெரிதாகிறது. குளிரைப் பகையாக நடத்துகிற தோட்டக்காரரைவிட அதை வேலை வாங்கத் தெரிந்தவரே இந்த ஊரில் நல்ல கைவினைஞர்.