ஒரு கிராம் தோரியம்

ஒரு கிராம் தோரியத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைகின்றன. இரவு பகல் என்ற ஓய்வு கிடையாது. சூடாக்கினாலும், குளிர வைத்தாலும், அமிலத்தில் கரைத்தாலும் அந்த எண்ணிக்கை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இப்படி வாரி இறைத்தால் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஒரு கிராம் அரைக் கிராமாகக் குறைய 1,405 கோடி ஆண்டுகள் வேண்டும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடிதான். பூமி உருவானபோது இருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் நம் காலடியில் அப்படியே இருக்கிறது.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பரவசம் உண்டாகிறது. கதிரியக்கம் என்றதும் ரேடியத்தையும் புளூட்டோனியத்தையுமே பேசிப் பழகிவிட்டோம். நயம் தேடுகிறவர்கள் தோரியத்திடம்தான் வர வேண்டும் என்பது என் கட்சி.

பார்வைக்கு அது அடக்கமான உலோகம். புதிதாக வெட்டினால் வெள்ளிபோல் மின்னும். காற்றுப்பட்டு மெல்ல மெல்லக் கறுக்கும். காரீயத்தைவிடச் சற்றே அடர்த்தி அதிகம். 1,750 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்குப் பிறகு ஏறத்தாழ 3,000 டிகிரி ஏறினால்தான் கொதிக்கும். அவ்வளவு நீண்ட தூரம் திரவமாகவே நின்று தாங்கும் உலோகம் அபூர்வம். நிதானம் இதன் அணுக்கருவில் மட்டும் இல்லை போலும்.

1828-இல் நார்வேயின் பிரெவிக் ஊருக்கு அருகே லோவோயா என்ற தீவில் மோர்ட்டென் எஸ்மார்க் என்ற பாதிரியார் ஒரு கறுப்புக் கனிமத்தைக் கண்டெடுத்தார். கனிமவியல் பேராசிரியரான அவருடைய தந்தைக்கும் அது என்னவென்று பிடிபடவில்லை. கல் ஸ்டாக்ஹோமுக்குப் போனது, வேதியியலாளர் பெர்சீலியஸிடம். அதற்குள் ஒரு புதிய தனிமம் இருப்பதை அவர் உறுதிசெய்து, இடியின் தேவன் தோர் பெயரைச் சூட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு கனிமத்தில் புதுத் தனிமம் கிடைத்ததாக எண்ணி இதே பெயரை வைத்து, அது ஏற்கனவே தெரிந்த இட்ரியத்தின் சேர்மம் என்று பின்னர் அவரே திருத்திக்கொண்டவர். பெயரை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்!

அதன்பிறகு அறுபது ஆண்டுகள் தோரியத்தைச் சீண்டுவார் இல்லை. அதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது விளக்குத்தான். ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891-இல் வாயு விளக்கின் சுடரில் ஒளிரும் வலையான மேண்டிலுக்குச் சரியான கலவையைக் கண்டார்: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. கல்யாண ஊர்வலத்திலும் தெருக்கூத்திலும் நாம் கண்ட பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் இந்தக் கலவையின் பிள்ளை. அந்த ஒரு பங்கில்தான் நுட்பமெல்லாம் இருக்கிறது. தோரியம் ஆக்சைடு 3,300 டிகிரிக்குமேல்தான் உருகும். எந்தச் சுடருக்கும் அசையாது. வெப்பத்தை வெளியே கதிராக அதிகம் விடாமல் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆனால் அது மட்டும் இருந்தால் மங்கலான ஒளிதான். இம்மியளவு சீரியம் சேர்ந்ததும் அந்தச் சூடு கண்ணுக்குத் தெரியும் வெண்ணொளியாக வெளிப்படுகிறது. சீரியத்தைக் கூட்டினாலோ ஒளி மறுபடி மங்கும். இன்னொரு அழகும் உண்டு. முதல் தடவை பற்றவைக்கும்போது மேண்டிலின் நூல் எரிந்துபோகும். நூலில் ஊறியிருந்த உப்பு ஆக்சைடாகி, பின்னலின் கண்ணிகள் ஒன்றுவிடாமல் அதே வடிவில் நிற்கும். நாம் பார்த்தது துணியை அல்ல, துணியின் சாம்பல் உருவத்தை. அந்த வெளிச்சத்துக்கும் கதிரியக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது சுடரும் வேதியியலும் செய்த வேலை.

மேண்டில் தொழில் பெருகியதும் தோரியத்துக்கான மூலப்பொருளான மோனசைட்டைத் தேடி அலைந்தார்கள். 1909-இல் சோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து வந்த தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டார். அப்படித்தான் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி உலக வரைபடத்தில் ஏறியது. அந்தக் கரையின் மணலை உள்ளங்கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், நிறமற்ற சிர்க்கான், இவற்றுக்கு நடுவே தேன் நிறத்தில் மோனசைட். அந்தத் தேன்மணிகளின் எடையில் 8, 9 சதவீதம் தோரியம் ஆக்சைடு.

தோரியம் கதிர்வீசுகிறது என்பதை 1898-இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்மிட், பாரிஸில் மேரி கியூரி இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். ஆனால் அதன் உண்மையான அழகு திறந்தது மாண்ட்ரீலில். மெக்கில் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டோடு வேலைசெய்த ஓவன்ஸ், தோரியம் ஆக்சைடின் கதிரியக்க அளவு நிலையாக நிற்காமல் ஏறி இறங்குவதைக் கவனித்தார். அறைக்கதவைத் திறந்து காற்று வந்தால்கூட அளவு மாறியது. கருவி சரியில்லை என்று வேறு யாராவது ஒதுக்கியிருப்பார்கள். ரூதர்ஃபோர்டு அந்தக் காற்றையே பின்தொடர்ந்தார். தோரியத்திலிருந்து ஒரு கதிரியக்க வாயு ஓயாமல் கசிந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியானது. 1,405 கோடி ஆண்டுகள் பொறுத்திருக்கும் உலோகத்தின் வழித்தோன்றலுக்கு 55 விநாடி அரை ஆயுள்!

1901 டிசம்பரில் ரூதர்ஃபோர்டும் அவரோடு வேலைசெய்த வேதியியலாளர் சாடியும் அம்மோனியாவைக் கொண்டு தோரியத்திலிருந்து வீரியமிக்க ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தோரியம்-எக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தோரியம் தன் வீரியத்தின் பெரும்பகுதியை இழந்து கிடந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் நிலைமை தலைகீழ். பிரித்தெடுத்த பொருள் வலுவிழந்திருந்தது. தோரியமோ, இறைத்த கிணறு மறுபடி ஊறியதுபோல், பழைய வீரியத்தைப் பெற்றிருந்தது. நாள்வாரியாக அளந்து வரைந்தார்கள். ஒரு கோடு நாலு நாளுக்குள் பாதியாக இறங்கியது. இன்னொரு கோடு அதே வேகத்தில் ஏறியது. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். அணு என்பது மாறாத பொருள் அல்ல, ஒரு தனிமம் தானாகவே இன்னொரு தனிமமாகிறது என்ற முடிவுக்கு அவர்களைக் கொண்டுபோனவை இந்த இரண்டு கோடுகள். 1931-இல் பிரபுப் பட்டம் பெற்றபோது ரூதர்ஃபோர்டு தம் குடும்பச் சின்னத்தில் பொறித்துக்கொண்டதும் இந்தக் கோடுகளைத்தான். பரம்பரைச் சின்னமாக ஒரு வரைபடத்தைத் தேர்ந்த அந்த மனத்தை வணங்கத் தோன்றுகிறது.

அடுத்த அத்தியாயம் இலங்கையில். பிற்காலத்தில் சிவ நடனத்தைப் பற்றி எழுதி உலகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி அப்போது இலங்கையின் கனிமங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1904-இல் அங்கு கிடைத்த கனமான கறுப்புக் கனிமம் ஒன்றை யுரேனியக் கனிமமான யுரேனினைட் என்று விவரித்தார். அது தோரியம் மிகுந்த புதுக் கனிமம் என்று வேதியியலாளர் டன்ஸ்டன் கண்டு தோரியனைட் எனப் பெயரிட்டார். அந்தக் கனிமத்திலிருந்து பெற்ற உப்பு லண்டனில் வேதியியலாளர் ராம்சேயின் ஆய்வகத்தில் இருந்த இளைஞர் ஓட்டோ ஹானின் கைக்கு வந்தது. ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். 1905-இல் அவர் கண்டதோ வேறொரு பொருள். ரேடியோதோரியம் என்று அழைத்தார். எந்த வேதிமுறையாலும் அதைத் தோரியத்திலிருந்து பிரிக்க முடியவில்லை. காரணம் பிறகு விளங்கியது: அதுவும் தோரியமே. தோரியம்-232 சிதைந்து ரேடியமாகி, ஆக்டினியமாகி, மூன்றாம் படியில் தோரியம்-228 ஆகத் தன்னிடமே திரும்பி வருகிறது. இந்த வம்சாவளியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

அங்கிருந்து ஓட்டம் வேகமெடுக்கிறது. ரேடியம்-224-க்கு அரை ஆயுள் 3.6 நாள், ரேடான் வாயுவுக்கு 55 விநாடி, பொலோனியம்-216-க்கு விநாடியில் ஏழில் ஒரு பங்கு. கடைசிப் படிகளில் வரும் பொலோனியம்-212 விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தாக்குப்பிடிப்பதில்லை. இந்த நீண்ட வரிசையைச் சரியாக மதிக்காததற்கு விலையும் கொடுத்தோம். 1930-களிலிருந்து எக்ஸ்ரே படம் தெளிவாக விழுவதற்காகத் தோரியம் ஆக்சைடை நோயாளிகளின் ரத்தத்தில் செலுத்தினார்கள். அது கல்லீரலை விட்டு வெளியேறவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின் அங்கே புற்றுநோயாக வெளிப்பட்டது. அழகைச் சொல்கிறவன் இதையும் சொல்லியாக வேண்டும்.

வரிசையின் முடிவில் நிற்பது காரீயம்-208. அதற்குமேல் சிதைவு இல்லை. அப்படியானால் தோரியக் கல்லுக்குள் விளைந்த காரீயம் மற்ற காரீயத்தைவிடக் கனமாக இருக்க வேண்டுமே என்று சாடி கேட்டார். 1915-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையிலிருந்து வந்த தோரைட்டை, அதாவது பெர்சீலியஸ் ஆராய்ந்த அதே வகைக் கனிமத்தை, எடுத்துக்கொண்டு காரீயத்தைப் பிரித்தார். சாதாரணக் காரீயத்தின் அணு எடை 207.2, இதற்கு 207.7. நிறத்திலும் வேதிக் குணத்திலும் துளி வேறுபாடு இல்லை, எடை மட்டும் கூடுதல். ஒரே தனிமத்துக்கு வெவ்வேறு எடைகள் இருக்கலாம் என்று 1913-இல் அவர் சொல்லி ஐசோடோப்பு என்று பெயரிட்ட கருத்துக்கு, தராசில் வைத்து நிறுக்கக்கூடிய சான்றாக அந்தக் காரீயம் அமைந்தது.