பிரட்டுத் தப்பும் நருட்டோவின் ஷாமிசெனும்

கண்டி ஹந்தானைச் சரிவில் அக்கா வீட்டு முன்கூடத்தில் ஓர் இரவு எனக்கும் மருமகனுக்கும் ஒரு விளையாட்டு. அவன் கைப்பேசியில் ‘நருட்டோ’ ஓடுகிறது. நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். “மாமா, பாக்காமலே சொல்லுங்க, இப்ப என்ன நடக்குது?” ஷாமிசென் நரம்பைச் சுண்டிச் சுண்டி அடித்தபோது சண்டை வரப்போகிறது என்றேன், சரி. மின்கிதார் புகுந்ததும் சண்டை தொடங்கிவிட்டது என்றேன், அதுவும் சரி. குழல் ஒன்று இழுத்து அழுதபோது யாரோ செத்துவிட்டார்கள் என்றேன். பையன் சிரித்தான். “இல்ல மாமா, சும்மா மழை பெய்யுது.”

அந்தத் தவறுதான் என்னை இந்தக் கட்டுரைக்குள் இழுத்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த காது, தான் பழகிய இடத்தில்தான் சாவைத் தேடும்.

ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேத் தொடர்களுக்கு இசை அமைக்கும் முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். திரைப்படத்தில் இசையமைப்பாளர் முடிந்த காட்சியைப் பார்த்து, நொடி கணக்கிட்டு எழுதுவார். வாரந்தோறும் ஓடும் தொடரில் அதற்கு நேரம் கிடையாது. பெரும்பாலும் படம் வரைந்து முடியுமுன்பே இசையமைப்பாளர் கையில் ஒரு பட்டியல் வந்துவிடும்: பதற்றம், சோகம், அன்றாடம், வேடிக்கை, பகைவன் வருகை. அவர் பல பத்துத் துண்டுகளை ஒரே மூச்சில் ஒலிப்பதிவு செய்து கொடுப்பார். பிறகு ஒலி இயக்குநர் ஒவ்வொரு பாகத்துக்கும் அந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்துப் பொருத்துவார். ஒரே துண்டு ஒரு பாகத்தில் மரணத்துக்கும் இன்னொன்றில் மழைக்கும் வாசிக்கப்படுவது இப்படித்தான். மருமகன் சிரித்ததில் நியாயம் இருக்கிறது.

2002இல் தொடங்கி 220 பாகங்கள் ஓடிய ‘நருட்டோ’வுக்கு இசை தோஷியோ மசுதா. ஷாமிசென், ஷாக்குஹாச்சிக் குழல், தைக்கோ முரசு ஆகிய பழைய வாத்தியங்களை ராக் கிதாரோடு மோதவிட்டார். அதே மனிதர்தான் 2005இல் ‘முஷிஷி’ தொடருக்கு மணியோசையும் நீண்ட இடைவெளிகளுமாக, மூச்சுவிடக்கூடத் தயங்கும் ஓர் இசையைக் கொடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே கையின் வேலை என்று நம்புவது கடினம். இன்னும் துணிந்தவர்களும் உண்டு. 1988இல் வந்த ‘அகிரா’ படத்துக்கு கெய்னோ யமாஷிரோகுமி குழு இந்தோனேசிய கமெலானையும் நோ நாடகத்தின் ஓதலையும் கொண்டுவந்தது. 1998இல் ‘கவ்பாய் பீபாப்’ தொடருக்கு யோக்கோ கன்னோ ஜாஸ் குழு ஒன்றையே கட்டினார். விண்வெளிக் கதைக்கு ஜாஸ் எதற்கு என்று கேட்டவர்கள் முதல் பாகம் முடிவதற்குள் வாயடைத்துப் போயிருப்பார்கள்.

உணர்வுக்கு ஒரு வாத்தியம், நிலத்துக்கு ஒரு வாத்தியம் என்ற கணக்கு தமிழனுக்குப் புதியதல்ல. ஐந்திணைக் கருப்பொருள்களில் யாழும் பறையும் உண்டு. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. புணர்தலும் பிரிதலும் இரங்கலும் எந்தத் தோலில் ஒலிக்க வேண்டும் என்று இலக்கணமே ஒரு பட்டியல் வைத்திருந்தது. என்ன, குறிஞ்சி நிலத்தின் பறை இங்கே கண்டி மலையில் காதலுக்கு ஒலிக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மலையிலிருந்து நகருக்கு இறங்கினால் தலதா மாளிகை. அங்கே விடியற்காலை, முற்பகல், மாலை என நாளுக்கு 3 வேளை பூசை. வேளைதோறும் ஹேவிசி முழங்கும். தவுல, தம்மெட்டம, ஹொரணேவ ஆகிய மூன்றும் சேர்ந்தது ஹேவிசி. தவுல என்பது உருளை முரசு. வலப்பக்கம் குச்சி, இடப்பக்கம் கை. தம்மெட்டம இரட்டை முரசு. சுருட்டிய முனையுள்ள இரண்டு குச்சிகளால் தட்டுவது. ஹொரணேவ குழல்வகை; நம் நாகசுரத்தின் சிறிய உறவுக்காரன் எனலாம். தவுல என்றதும் தவிலும், தம்மெட்டம என்றதும் தம்பட்டமும், கண்டியின் இன்னொரு முரசான உடெக்கி என்றதும் உடுக்கையும் தமிழ்க் காதில் வந்து நிற்கும். ஆனால் கண்டி நடனத்துக்குரிய கெட்டபெரய வேறு குணம். நடுப் பருத்து இரு முனையும் ஒடுங்கிய மரத்தில் வலப்புறம் மெல்லிய தோல், இடப்புறம் கனத்த மாட்டுத்தோல். தத், ஜித், தொங், நங் என நான்கு அடிப்படைச் சொற்கட்டுகளிலிருந்து அதன் மொழி முழுவதும் விரிகிறது. வலது கை கூர்மையாகப் பேசும். இடது கை மண்ணிலிருந்து பேசும்.

எசல பெரஹர ஊர்வலத்தில் முதலில் வருவது முரசுகூட அல்ல, சாட்டை. இடி இடித்தது போன்ற அந்தச் சொடுக்கலே தொடரின் முதல் காட்சிக்கு முன் வரும் இசை. பின்னால் தலதா மாளிகையின் ஊர்வலமும், நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் தத்தம் முரசோடு நடக்கும். கதிர்காமத்தான் நம் முருகன், பத்தினி நம் கண்ணகி. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து தெருவோரம் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு அந்த ஒலி அந்நியமும் இல்லை, முழுக்கச் சொந்தமும் இல்லை.

கண்டி மரபில் எனக்கு மிகவும் பிடித்தவை வன்னம் என்னும் ஆடல்கள். பதினெட்டு என்பது மரபுக் கணக்கு. 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் காலத்து அவையோடு இவற்றை இணைத்துச் சொல்வார்கள். கஜகா யானைக்கு, மயூரா மயிலுக்கு, துரகா குதிரைக்கு, நையடி பாம்புக்கு, உக்குசா பருந்துக்கு, முசலடி முயலுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம், தனி நடை. அனிமேயில் பாத்திரம் நுழையும்போது அதற்கென்று ஒரு துண்டு ஒலிக்கிறதே, அதே வேலைதான். கஜகாவில் யானையின் கனம் கெட்டபெரயவின் இடது கையில் இருக்கிறது. ஆடுபவர் ஒல்லியாக இருந்தாலும் குறையில்லை. பெயரே நம் ‘வண்ணம்’தான் என்பார்கள். தொல்காப்பியம் இருபது வண்ணம் சொல்கிறது, இங்கே பதினெட்டு. இரண்டை மலையேறும் வழியில் தொலைத்துவிட்டோம் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இனித் தப்பு, நம் பறை. ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்டதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்களோடு அது வந்துவிட்டது. தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, மடுல்கலை எங்கும் விடியுமுன் லயத்து வாசலில் ஒலித்தது பிரட்டுத் தப்பு. எழு, உடுத்து, ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்துக்கு வா என்பதே அதன் பொருள். சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்ட நெடுங்கவிதை அந்த முரசொலியில்தான் தொடங்குகிறது. குறிஞ்சிப் பறைக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள்: கூடலுக்கு உரிய நிலத்தில் அது ஆள்கணக்குக்கு அடிக்கப்பட்டது.

அதே தப்புதான் மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்கு அடிக்கப்பட்டது, கலியாண வீட்டில் அடிக்கப்பட்டது, சாவு வீட்டிலும் அடிக்கப்பட்டது. வாத்தியம் மாறவில்லை, அடி மாறியது. வைக்கோலோ காகிதமோ கொளுத்தித் தோலைச் சூடுகாட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, ஒரு கையில் மெல்லிய மூங்கில் சிம்பும் மறு கையில் தடித்த குச்சியுமாக நின்றால் போதும். மேல் லயத்தில் இருப்பவர் கதவைத் திறக்காமலே, சாவா சாமியா என்று சொல்லிவிடுவார். மசுதாவின் களஞ்சியத்தில் ஷாமிசெனும் கிதாரும் முரசும் இருந்தன. தப்புக்காரரிடம் ஒரு வளையமும் ஒரு தோலும்தான். ஆனால் அவர் களஞ்சியத்தில் குழப்பம் கிடையாது. மழைக்கும் மரணத்துக்கும் அவர் ஒரே துண்டை எடுக்கமாட்டார். காட்சிக்கு இசை என்ற வரிசையையும் அவர் தலைகீழாக்கினார். தப்பு ஒலித்த பிறகுதான் அங்கே காட்சியே தொடங்கும்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அடி எல்லாருக்கும் சொந்தம், அடிப்பது மட்டும் ஒரு சாதியின் கடமை என்று வைத்தோம். சிங்களவரிடையிலும் முரசு பெரவா சாதியின் பொறுப்பாகவே இருந்தது. தப்பைக் கீழே வைத்த இளைஞர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கலை அழிகிறதே என்று அழுபவர்களில் பலர், தம் பிள்ளை கையில் அதைக் கொடுக்கச் சம்மதிக்காதவர்கள். இப்போது நாடகக் குழுக்களிலும் மேடைகளிலும் அதை விரும்பி எடுக்கும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

வெளியார் நம் மலைக்கு இசை போட்டதும் உண்டு. 1984இல் வெளியான ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்’ படத்தின் இந்தியக் கிராமத்தை ஹந்தானைத் தோட்டத்தில்தான் கட்டினார்கள். தொங்குபாலத்தை விக்டோரியா அணைப் பக்கம் மகாவலிக்கு மேலே. ஜோன் வில்லியம்ஸ் சேர்ந்திசையும் கனத்த தாளமுமாக மிரட்டினார். அந்த இசை ஒஸ்காருக்கும் முன்மொழியப்பட்டது. நல்ல இசைதான், ஆனால் கண்டியின் எந்தத் தோலும் அதில் எனக்குக் கேட்கவில்லை. முரசென்றால் பயங்கரம் என்ற ஒற்றை உணர்வுக்குள் மலையே அடங்கிவிடுகிறது.

மாசி மாதக் காமன் கூத்துக்கு மருமகனை ஒரு முறை கூட்டிப்போனேன். தோட்டத்துக்காரர்களே ரதியும் மன்மதனுமாக வேடம் கட்டி, இரவெல்லாம் தப்பின் வேகத்தில் ஆடினார்கள். பையன் முதலில் கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்தான்; பிறகு அடியை மனதுக்குள் எண்ண ஆரம்பித்தான், உதடு அசைந்தது. சிவனின் நெற்றிக்கண்ணில் மதன் எரிந்த இடத்தில் தப்பு சட்டென்று நின்றுவிட்டது. ரதியாக நின்றவரின் ஒற்றைக் குரல் மட்டும் பனிக்குள் ஒப்பாரியாக எழுந்தது.

‘எவாஞ்சலியன்’ தொடரில் ஒரு மின்தூக்கிக் காட்சி உண்டு. இரு பெண்கள், அசையாத படம், இசை இல்லை. அரை நிமிடத்துக்கும் மேல் அப்படியே நிற்கும். அவன்தான் அதை எனக்குக் காட்டியவன். “இது அதே மாதிரி மாமா” என்று காதருகே சொன்னான். தப்புக்காரர் நெருப்பின் பக்கம் குந்தி அடுத்த அடிக்காகத் தோலை மறுபடி சூடுகாட்டிக்கொண்டிருந்தார்.